கட்டை விரல் கட்டு

பந்து நேராகப் போனது. அங்கேயே வளவன் உஷாராகியிருக்க வேண்டும்.

இரண்டு மாதமாக அவன் அடித்த எந்தப் பந்தும் நேராகப் போனதில்லை. டிவித் திரை முழுக்க விரிந்திருக்கும் அந்தப் பச்சைப் புல்வெளியில் அவனுடைய வெள்ளைப் பந்து ஒருமுறை மரத்தில் மோதும், ஒருமுறை மணலில் புதையும், பெரும்பாலும் குளத்தில் விழும். இன்று, மழைக்கு இருட்டிக்கொண்டு வந்த புதன்கிழமைச் சாயங்காலத்தில், அது குளத்தைத் தாண்டி, மணல் பள்ளத்தையும் தாண்டி, கொடிக்குப் பக்கத்தில் போய் அடக்கமாக உட்கார்ந்தது. நம்பாமல் மறுபடி அடித்தான். அதே இடம். இன்னொரு தடவை அடித்தான். அதே இடம்.

அப்போதுதான் வெளியே யாரோ பிளாஸ்டிக் நாற்காலிகளைப் பிரித்துப் போடும் சத்தம் கேட்டது. அடுக்கிலிருந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கும்போது வருகிற அந்த டொப்பென்ற ஓசை, பிறகு நாற்காலிக் கால்கள் தரையில் உரசுகிற ஓசை, அதன்மேல் யாரோ கனமாக உட்கார்ந்து பெருமூச்சு விடுகிற ஓசை. எதிர் வீட்டில் ஏதோ விசேஷம் போலிருக்கிறது என்று ஜன்னலுக்குப் போனான். திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்குப் பின்னால் புதிதாகப் போட்ட மனைப்பிரிவு அது. பாதி மனைகளில் எல்லைக் கல்லும் முள்செடியும்தான் இருந்தன. எதிர் வீட்டு பலராமன் சார், கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர், மாடியில் தனியாக நின்று கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தார். தெருவில் ஒரு நாற்காலிகூட இல்லை.

வளவன் திரும்பி வந்து தன் கைகளைப் பார்த்தான். கன்ட்ரோலரைச் சுற்றி இரண்டு கைகளும் பின்னியிருக்க, இரண்டு கட்டை விரல்களும் ஒரு வெள்ளைத் துணி நாடாவால் சேர்த்துக் கட்டப்பட்டிருந்தன. அவன்தான் கட்டினான், பல்லால் கடித்து இழுத்து. எல்லாம் அந்த விளையாட்டு சொல்லிக்கொடுத்த புத்தி.

விளையாட்டு என்று பேர்தானே தவிர, வளவனுக்கு அது வேலை. அவன் வீட்டிலிருந்தே சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வேலை பார்த்தான். அவர்களுக்கு வேலை கொடுக்கும் வெளிநாட்டுக்காரருக்கு கோல்ஃப் என்றால் உயிர். வெள்ளிக்கிழமை சாயங்காலம் டீம் மொத்தமும் அவரவர் வீட்டு டிவி முன்னால் நின்றுகொண்டு அவரோடு கோல்ஃப் ஆட வேண்டும் என்று ஏற்பாடு செய்தவள் டீம் லீட் மதிவதனி. இந்த மாதக் கடைசியில் டீமைக் குறைக்கிறார்கள். திருவண்ணாமலையிலிருந்து வேலை பார்க்கிற இரண்டு பேரில், வளவனும் பஜாரில் இருக்கிற ஃபைஸும்தான் அந்த இரண்டு பேர், ஒருவனுக்குத்தான் இடம். வேலையில் இருவரும் ஒன்றுதான். புல்வெளியில் ஃபைஸ் ராஜா, வளவன் கோமாளி. போன வெள்ளிக்கிழமை அத்தனை பேர் காதிலும் விழும்படி மதிவதனி கேட்டாள், "வளவன், உங்க பந்துக்கு நீச்சலாவது தெரியுமா?" எல்லோரும் சிரித்தார்கள். வெளிநாட்டுக்காரர் என்னவென்று கேட்டுத் தெரிந்துகொண்டு கடைசியாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பை வளவனால் முழுங்கவே முடியவில்லை.

டிவிக்கு மேலே ஒரு சின்ன கேமரா இருந்தது. அது அவன் உடம்பைப் பார்த்து, அவனைப் போலவே ஒரு ஆளைத் திரையில் நிறுத்தும். அடித்து முடித்ததும், உடம்பில் எந்த இடம் தப்பு செய்ததோ அந்த இடத்தில் சிவப்பு வளையம் போடும். அவனுக்கு எப்போதும் கைகளில்தான் சிவப்பு. 'கைகள் பிரிகின்றன. சேர்த்து வைக்கவும்' என்று எழுத்து வரும். ரப்பர் பேண்ட் போட்டுப் பார்த்தான், அறுந்தது. செல்லோ டேப் வியர்வையில் வழுக்கியது. கடைசியில் பரண்மேல் கைக்கு அகப்பட்ட பையைத் துழாவி, அதிலிருந்த வெள்ளைத் துணியில் ஒரு நாடா கிழித்தான். அதற்குப் பிறகுதான் பந்து நேராகப் போனது.

"என்னங்க பண்றீங்க?"

கவிநிலா சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அவன் மனைவி சத்தம் போட்டுப் பேசுகிறவள் அல்ல. இப்போதும் சத்தம் போடவில்லை. கையில் கரண்டியோடு அவன் விரல்களையே பார்த்தாள்.

"ஸ்விங் ஒரே மாதிரி வரணும்ல, அதுக்குத்தான். இப்ப பாரு, எப்படிப் போவுதுன்னு."

"கட்டை விரல் ரெண்டையும் சேர்த்து யாருக்குங்க கட்டுவாங்க? உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். தெரியாத தமிழன் உண்டா. ஆனால் கோல்ஃப் ஆடுகிற நேரத்தில் யாருக்கு அது ஞாபகம் வரும்? அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. கிட்டே வந்து துணியைத் தொட்டுப் பார்த்தாள். தொட்ட விரலைச் சுட்டுக்கொண்டவளைப் போல இழுத்துக்கொண்டாள்.

"இது எங்கப்பாவுக்குக் கிழிச்ச வேட்டியோட மிச்சம். காரியம் முடிஞ்சு பாத்திரத்தோட சேர்ந்து வந்துடுச்சு, தூக்கிப் போடணும்னு பரண்ல வெச்சிருந்தேன். அவுருங்க முதல்ல."

"அவுக்கறேன், அவுக்கறேன். இதுக்குப் போய் எதுக்கு இவ்ளோ..."

"அந்தக் கட்ட வீட்டுல அவுக்கவே மாட்டாங்க. தெரியுமா? சுடுகாட்டுல போய்த்தான் அவுப்பாங்க. உயிரோட இருக்கறவரு கையில கட்டிட்டு நிக்கறீங்களே, உங்களுக்குக் கொஞ்சமாவது இருக்கா?"

அவளே முடிச்சை அவிழ்த்தாள். சுருக்கு முடிச்சுதான், ஒரே இழுப்பில் வந்துவிட்டது. நாடாவைக் கொண்டுபோய் காலி மனையில் எறிந்துவிட்டு, கை கால் கழுவிக்கொண்டு உள்ளே வந்தாள். அன்றைக்கு இரவு அவனோடு பேசவில்லை. காலையில் கீழ்பென்னாத்தூருக்குப் பஸ் ஏறினாள். அப்பா போனபிறகு அங்கே அவள் அம்மா ஜோதியம்மாள் தனியாக இருந்ததால் வாரா வாரம் போய் ஒரு ராத்திரி துணைக்கு இருந்துவிட்டு வருவது வழக்கம்தான். ஆனாலும் வளவனுக்கு அது கோபித்துக்கொண்டு போனதாகவே பட்டது. போகும்போது ஒன்று மட்டும் சொன்னாள்.

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்துடுவேன். அந்தப் பையத் தொடாதீங்க. வந்து நானே போட்டுடறேன்."

வியாழக்கிழமை முழுக்க அவன் அந்தப் பையைத் தொடவில்லை. ஷூ லேஸில் கட்டிப் பார்த்தான், பந்து குளத்தில் விழுந்தது. பழைய துண்டைக் கிழித்துக் கட்டினான், குளம். கட்டாமல் அடித்தான், குளம். ஒவ்வொரு தடவையும் திரையில் இருக்கிற வளவன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்பான், அவன் கைகளைச் சுற்றிச் சிவப்பு வளையம் மினுக்கும். தண்ணீரில் விழும் அந்த ப்ளக் சத்தத்துக்குப் பின்னாலேயே மதிவதனியின் குரல் அவன் தலைக்குள் கேட்கும், நீச்சலாவது தெரியுமா, நீச்சலாவது தெரியுமா. அவனுக்குக் கோபம் வந்தது. மதிவதனிமேல், ஃபைஸ்மேல், அந்தச் சிரிப்பின்மேல், கடைசியில் கவிநிலாமேலும். ஒரு துணிக்குப் போய் இவ்வளவு கலாட்டா என்று நினைத்தான். படிச்சவளாச்சே என்றும் நினைத்தான்.

வெள்ளிக்கிழமை பௌர்ணமி. காலையிலிருந்தே ஊருக்குள் பஸ்ஸை விடவில்லை. கிரிவலம் போகிற கூட்டத்தின் இரைச்சலும் போலீஸ் மைக்கும் காற்றடிக்கும் பக்கமெல்லாம் விட்டு விட்டுக் கேட்டன. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வளவன் ஸ்டூலைப் போட்டு ஏறி, பரண்மேலிருந்து அந்தப் பையை இறக்கினான். வேட்டியின் மிச்சத்திலிருந்து ஒரு நாடா கிழித்தான். துணி கிழிகிற சத்தம் அந்த ஹாலில் தேவைக்கு ஜாஸ்தியாகவே கேட்டது.

கட்டியதும் பந்து நேராகப் போனது.

ஆனால் இப்போது சிவப்பு வளையம் இடம் மாறியிருந்தது. திரையில் இருக்கிறவனின் பாதங்களைச் சுற்றி மினுக்கியது. 'கால்கள் நகர்கின்றன. சேர்த்து வைக்கவும்.' வளவன் தன் கால்களைக் குனிந்து பார்த்தான். நகரவில்லை என்றுதான் தோன்றியது. இன்னொரு தடவை அடித்தான். மறுபடி பாதங்களில் சிவப்பு. ஒரே ஒரு முழம் தள்ளி விழுந்தது பந்து. ஃபைஸ் அந்த ஒரு முழத்தைத் தவறவிட மாட்டான்.

என்ன செய்கிறோம் என்று அவனுக்குத் தெரிந்துதான் இருந்தது. தெரிந்துதான் கைக்கட்டை அவிழ்த்துவிட்டு இன்னொரு நாடா கிழித்தான். சோபாவில் உட்கார்ந்து, கால் கட்டை விரல் இரண்டையும் ஒட்ட வைத்துச் சுற்றினான். இது விளையாட்டு, நான் உயிரோடு இருக்கிறேன், விளையாட்டு முடிந்ததும் கத்தரிக்கோலால் வெட்டிவிடுவேன் என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டான். ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு, மறுபடி பல்லால் இழுத்துக் கை விரலையும் கட்டினான். இரண்டும் சுருக்கு முடிச்சுதான். அதை நன்றாகப் பார்த்து வைத்துக்கொண்டான். தத்தித் தத்தி டிவி முன்னால் போய் நின்றபோது அவனுக்கே சிரிப்பு வந்தது. சாக்கு ஓட்டப் பந்தயத்தில் நிற்கிற பையனைப் போல இருந்தான்.

அடித்தான். பந்து காற்றில் ஒரு கோடு போட்டமாதிரி போய்க் குழிக்குள் இறங்கியது.

திரும்பத் திரும்ப அடித்தான். திரும்பத் திரும்பக் குழி. கை போகிற தூரம், திரும்புகிற வேகம், நிற்கிற இடம், எதிலும் இம்மி மாற்றம் இல்லை. உடம்பு அவனுடையதாக இல்லாமல், யாரோ சாவி கொடுத்து வைத்ததாக இருந்தது. இரண்டு மாதம் அவன் ஏங்கியது இதற்குத்தான். கண்ணில் தண்ணீர்கூட வந்துவிட்டது.

வாசனை முதலில் வந்தது. ஊதுபத்திப் புகை, அதோடு கலந்த பன்னீர், அதற்கு அடியில் வெயிலில் வாடிய ரோஜா மாலையின் அந்தத் தித்திப்பான அழுகல். வீட்டில் ஊதுபத்தி ஏற்றவில்லை. பிறகு நாற்காலிகள். முன்னைவிட நிறைய. வாசலுக்கு வெகு கிட்டே. இரும்புக் குழாய் ஒன்றை இன்னொன்றுக்குள் செருகி, கட்டையால் தட்டி இறக்குகிற சத்தம் கேட்டது. ஷாமியானா போடுகிறார்கள். கண்ணாடி கிளாஸ்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு வந்தன. யாரோ டீ கொடுக்கிறார்கள். யாரோ தணிந்த குரலில் பேசுகிறார்கள். ஒரு வீட்டு வாசலில் நிறைய ஆம்பளைகள் ஒன்றும் செய்வதற்கில்லாமல் உட்கார்ந்திருக்கும்போது மட்டும் எழுகிற சத்தம் அது. கேட்டவன் மறக்க மாட்டான்.

பலராமன் சார் போய்விட்டாரா?

வளவன் தத்தித் தத்தி ஜன்னலுக்குப் போனான். தெருவில் நாற்காலி இல்லை. ஷாமியானா இல்லை. ஒரு நாய்கூட இல்லை. பலராமன் சார் உயிரோடுதான் இருந்தார். தன் கேட்டைச் சாத்திக்கொண்டு, தோளில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு, போனில் பேசியபடி தெருவைக் கடந்து வந்துகொண்டிருந்தார்.

"ஆமாம்பா, எதிர் வூட்டுலதான். நல்ல பையன்பா, வயசு ரொம்பக் கம்மி. அந்தப் பொண்ணு ஊருக்குப் போயிருக்குது. சொல்லி அனுப்பியிருக்கோம்."

"சார்," என்றான் வளவன். அவர் நிமிரவில்லை. "சார், நான் இங்கதான் இருக்கேன்."

பலராமன் வளவன் வீட்டு கேட்டுக்கு வெளியே செருப்பைக் கழற்றினார். வெறும் அந்தரத்தில், யாரும் இல்லாத இடத்தில், ஒருவருக்கொருவர் இடம் விட்டு உட்காரும்போது ஒதுங்குவது போல ஒதுங்கி, உட்கார்ந்தார். அவருக்குக் கீழே நாற்காலி இல்லை. ஆனால் அவர் உட்கார்ந்திருந்தார்.

வளவன் ஜன்னலிலிருந்து விலகினான். குனிந்து கால் முடிச்சைப் பார்த்தான். சுருக்கு இல்லை. இழுக்க ஒரு நுனியும் இல்லை. துணி துணிக்குள் புகுந்து கெட்டியாக, சின்னதாக, நேர்த்தியாக ஒரு முடிச்சு. பழக்கப்பட்ட கை போட்டது. கை விரலைப் பல்லால் கடித்து இழுத்தான். பல்தான் வலித்தது.

கத்தரிக்கோல் சமையலறையில் இருந்தது. அங்கே போக வேண்டியதுதான் பாக்கி. அந்த நேரம் பார்த்துக் காதில் ஹெட்போன் கிணுகிணுத்தது. மதிவதனியின் குரல்.

"எல்லாரும் வந்தாச்சா? வளவன், இன்னைக்காவது குளத்துக்கு லீவு விடுங்க."

சிரிப்பு. ஃபைஸ் சிரித்தான். அந்த வெளிநாட்டுக்காரரும் சிரித்தார்.

வளவன் சமையலறையைப் பார்த்தான். டிவியைப் பார்த்தான். ஒரே ஆட்டம். ஆடிவிட்டு வெட்டிக்கொள்ளலாம். வாசலில் என்ன நடந்தாலும் இந்த ஒரு ஆட்டத்தில் ஜெயித்தால் வேலை நிற்கும். அப்படித்தான் நினைத்தான். இவ்வளவு நடந்தும் அப்படித்தான் நினைத்தான், அதுதான் கொடுமை.

ஆடினான். யாரும் அவனிடம் இப்படி ஒரு ஆட்டத்தைப் பார்த்ததில்லை. முதல் குழியில் சிரித்தவர்கள் அடுத்த குழியில் நிறுத்தினார்கள். வெளிநாட்டுக்காரர் வாய்விட்டுப் பாராட்டினார். "வளவன், என்ன சாப்டீங்க இன்னைக்கு?" என்றாள் மதிவதனி. ஃபைஸ் பேச்சே இல்லாமல் ஆடினான். வெளியே முதல் இடி இடித்தது. வாசலில் நாற்காலிகளை மழைக்கு உள்பக்கமாக இழுத்துப் போட்டார்கள். சுவருக்கு இந்தப் பக்கம். வராண்டாவில்.

கடைசிக் குழி.

அடிக்க ஓங்கும் முன்பே திரையில் சிவப்பு வந்தது. கைகளில் இல்லை, கால்களில் இல்லை. முகத்தைச் சுற்றி, முகவாய்க்கட்டையிலிருந்து உச்சந்தலை வரைக்கும் ஒரு வளையம். 'வாய் திறக்கிறது. சேர்த்து வைக்கவும்.'

மூன்றாவது கட்டு எது என்று அவனுக்குத் தெரியும். மாமனாருக்கு அவனே நின்று பார்த்திருக்கிறான். கை, கால், பிறகு தாடை.

"மாட்டேன்," என்றான் வளவன். "இத நான் கட்ட மாட்டேன்."

கன்ட்ரோலரை உதறப் பார்த்தான். விரல்கள் பிரியவில்லை. காதில் மதிவதனி, "ஒரு நிமிஷம்," என்றாள். யாரோ அவளிடம் ஏதோ சொன்னார்கள். அவள் குரல் மாறிப்போனது.

"எப்ப? நம்ம வளவனா? ஐயோ. மத்தியானமா?"

"மேடம், நான் லைன்லதான் இருக்கேன்."

"யாருக்கும் சொல்லவே இல்லையே. ஒய்ஃப் இருக்காங்களா வீட்டுல?"

"மேடம், கேக்குதா? நான்தான் பேசறேன். இப்பக்கூட ஆடிட்டுதான இருக்கேன், நீங்க பாத்துட்டுதான இருக்கீங்க?"

"நான் போறேன் மேடம்," என்றது ஃபைஸின் குரல். அவன் அழுதுகொண்டிருந்தான். "பௌர்ணமிக் கூட்டம், வண்டி போவாது. நடந்தே போயிடறேன்."

"ஆபீஸ் சார்பா ஒரு மாலை வாங்கிடுங்க ஃபைஸ்." பிறகு அவள் தணிந்த குரலில், வேறு யாரிடமோ சொன்னாள். "அந்த இடத்துக்கு இனிமே ஃபைஸ்தான். வேற என்ன பண்றது."

வளவன் கத்த வாயைத் திறந்தான்.

பின்னாலிருந்து துணி வந்தது.

முரட்டுத்தனமாக வரவில்லை. அதுதான் அவனால் தாங்க முடியாமல் போனது. மெதுவாக, பக்குவமாக, வீட்டு மனுஷருக்குச் செய்வதுபோல, முகவாய்க்குக் கீழே கொடுத்து, ஹெட்போனை ஒதுக்கிவிட்டு, இரண்டு காதையும் மூடி, உச்சியில் கொண்டுபோய் இழுத்தது. பல்லோடு பல் சேர்ந்தது. முடிச்சு விழுந்தது. ஒரு உள்ளங்கை அவன் தலைமுடியைக் கோதிச் சரிசெய்தது. அந்தக் கையில் சந்தன வாசனை. ஈரம். வளவன் திரும்பிப் பார்க்க நினைத்தான். கழுத்து திரும்பவில்லை.

கரண்ட் போனது.

ஃபேன் நின்றது. பிரிட்ஜ் நின்றது. டிவி இருண்டது. தெருவெல்லாம் இருட்டு. ஆனால் ஒரு மோட்டார் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ஹாலுக்கு நடுவில். உம்மென்று, விடாமல். அங்கிருந்து குளிர் வந்தது. காலைத் தொட்டது. முழங்காலுக்கு ஏறியது.

ஐஸ் பெட்டி.

கதவு திறந்தது. செருப்பில்லாத கால்கள். நிறைய கால்கள்.

"கால் பக்கம் ரெண்டு பேர் புடிங்க."

"தல பத்திரம்."

தூக்கினார்கள். அவனை. கட்டை மாதிரி வந்தான். மின்னல் வெளிச்சத்தில் கூரை நகர்ந்தது. மின்விசிறி நகர்ந்தது. நான் உயிரோடு இருக்கிறேன். சொன்னான். தொண்டைக்குள் சொன்னான். பல் விடவில்லை. முதுகுக்குக் கீழே தகரம். சில்லென்ற தகரம். விரல்களிலிருந்து யாரோ கன்ட்ரோலரை உருவி எடுத்தார்கள். கட்டை அவிழ்க்கவில்லை. கட்டோடுதான் உருவினார்கள். கைகளை மார்புமேல் வைத்தார்கள்.

ஒரு கை கண்ணை மூடியது. மூடவில்லை. இன்னொரு தடவை தடவியது.

"முழுசா மூட மாட்டேங்குது."

"ஏதோ ஆசை இருந்திருக்கும்பா. வுடு." பலராமன் சாரின் குரல்.

கண்ணாடி மூடி இறங்கியது. ரப்பர் விளிம்பு உட்கார்ந்தது. எல்லாச் சத்தமும் தூரமாகப் போனது. தலைமாட்டில் யாரோ விளக்கு வைத்தார்கள். கண்ணாடிக்கு வெளியே முகங்கள் வந்தன. குனிந்தன. போயின. பொம்பளைகளின் அழுகை ஏறியது, இறங்கியது, ஏறியது. யாரோ ஒருத்தி கேட்டாள்.

"எப்ப எடுக்கறாங்க?"

"மழ வுட்டதும். அந்தப் பொண்ணு வரணும்ல."

கவிநிலா. கவிநிலா வருவாள். அவளுக்குத் தெரியும். அவள் ஒருத்திக்குத்தான் தெரியும், இந்தக் கட்டு எப்படி வந்தது என்று. ஒரே இழுப்பில் அவிழ்த்தவள் அவள். வளவன் பிடித்துக்கொண்டிருந்தான். மூச்சைப் பிடித்துப் பிடித்து விட்டான். மூக்கு வழியாக. சின்னச் சின்ன மூச்சு. முகத்துக்கு மேலே கண்ணாடியில் அது ஒரு வெள்ளைத் திட்டாகப் படிந்தது. மங்கியது. மறுபடி படிந்தது. யாராவது பார்க்கட்டும். பொணம் மூச்சு விடுமா? ஒருத்தராவது பார்க்கட்டும்.

வாசலில் அழுகை ஒரே அலறலாக எழுந்தது. அவள் வந்துவிட்டாள். பஸ் விடாத தூரமெல்லாம் மழையில் நடந்து வந்தவள், தலையெல்லாம் சொட்டச் சொட்ட, யார் யாரோ கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வர, பெட்டிமேல் வந்து விழுந்தாள். அவள் வாய் அசைந்தது. ஏங்க, ஏங்க என்றுதான் அசைந்தது. கண்ணாடியில் முகத்தை ஒட்டவைத்துப் பார்த்தாள்.

வளவன் இருந்த மூச்சையெல்லாம் சேர்த்து விட்டான். வெள்ளைத் திட்டு பெரிதாகப் பூத்தது. அவன் முகம் முழுக்க மறைந்தது.

"பனி புடிச்சிருக்கும்மா," என்றார் யாரோ. "தொடச்சுப் பாரு, முகம் தெரியும்."

கவிநிலா புடவைத் தலைப்பை எடுத்து, வெளிப்பக்கமாக, அவன் முகத்துக்கு நேரே கண்ணாடியைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.